செமாக்காவ் கேட்கும் கேள்வி

வீட்டில் ஒரு மின்விசிறி பழுதாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆறு ஆண்டுகள் உழைத்த விசிறி அது. விசையை அழுத்தினால் முனகுகிறது; ஆனால், சுழலவில்லை. இப்போது நமக்கு மூன்று வழிகள் உள்ளன. தாத்தா திருப்புளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, தூசியைத் துடைத்து, எண்ணெய் விட்டு, அதை மறுபடியும் ஓட வைக்கலாம். அல்லது கடையில் கொடுத்து 25 வெள்ளிக்குப் பழுதுபார்க்கலாம். அதுவும் வேண்டாம் என்றால், அதைத் தூக்கிப் போட்டுவிட்டு 45 வெள்ளிக்குப் புதியது வாங்கலாம்.

மூன்று வழிகளிலும் நமக்குக் கிடைக்கும் பயன் ஒன்றுதான்: அறையில் காற்று வரும். ஆனால், பொருளாதாரக் கணக்கு இந்த மூன்றையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. தாத்தாவின் உழைப்புக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. பழுதுபார்த்தால் 25 வெள்ளி கணக்கில் ஏறும். புதிய விசிறி வாங்கினால் 45 வெள்ளி ஏறும். விசிறி வெளிநாட்டில் செய்யப்பட்டிருந்தால், விற்ற கடையின் பங்கு நம் நாட்டுக் கணக்கிலும் மீதம் செய்த நாட்டின் கணக்கிலும் சேரும். உலகம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், தூக்கிப் போட்ட வழியே வளர்ச்சிக்கு அதிகம் உதவிய வழி ஆகிவிடுகிறது!

இது விந்தையாக இல்லையா? இந்த விந்தையிலிருந்து ஒரு பெரிய கேள்வி பிறக்கிறது. வளர்ச்சி என்று நாம் எதைச் சொல்கிறோம்?

ஓர் எண்ணின் கதை

ஒரு நாட்டில் ஓராண்டில் உற்பத்தியாகும் பொருள்கள், சேவைகள் ஆகியவற்றின் மொத்த மதிப்பை ‘மொத்த உள்நாட்டு உற்பத்தி’ என்கிறோம். ‘இவ்வாண்டு பொருளாதாரம் இத்தனை விழுக்காடு வளர்ந்தது’ என்று செய்தியில் கேட்கும்போது, பெரும்பாலும் இந்த எண்ணைத்தான் குறிப்பிடுகிறார்கள்.

இத்தகைய கணக்கெடுப்புக்கு வழிவகுத்தவர்களுள் ஒருவர் சைமன் குஸ்நெட்ஸ் என்னும் பொருளியல் அறிஞர். 1930களில் அமெரிக்கா பெரும் பொருளாதார வீழ்ச்சியில் சிக்கித் தவித்தது. ஆலைகள் மூடப்பட்டன, கோடிக்கணக்கானோர் வேலை இழந்தனர். நாட்டின் வருமானம் எவ்வளவு குறைந்துள்ளது என்பதைக்கூட அரசாங்கத்தால் துல்லியமாகச் சொல்ல முடியவில்லை. அந்தக் குறையைப் போக்கும் வகையில், குஸ்நெட்ஸ் 1934ஆம் ஆண்டு நாட்டு வருமானம் பற்றிய அறிக்கையை அமெரிக்க நாடாளுமன்றத்திடம் அளித்தார். அதே அறிக்கையில் ஓர் எச்சரிக்கையையும் சேர்த்திருந்தார். ஒரு நாட்டின் வருமானத்தை மட்டும் வைத்து அந்நாட்டு மக்களின் நல்வாழ்வை அளவிட முடியாது என்பதே அந்த எச்சரிக்கை. கணக்கை உலகம் ஏற்றுக்கொண்டது. எச்சரிக்கையைப் பெரும்பாலும் மறந்துவிட்டது.

இந்த எண்ணுக்குக் கூட்டத் தெரியும், கழிக்கத் தெரியாது. ஓர் ஆற்றங்கரையில் இயங்கும் பட்டறைகளின் உற்பத்தி கணக்கில் கூட்டப்படும். அவற்றின் கழிவால் ஆறு நாறிப்போனால், அந்த இழப்பு கழிக்கப்படாது. பிறகு ஆற்றைச் சுத்தம் செய்யச் செலவிட்டால், அதுவும் கூட்டப்படும். அதேபோல், பாட்டி பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வதும், பக்கத்து வீட்டுக்காரர் நோயாளிக்குக் கஞ்சி வைத்துக் கொடுப்பதும் கணக்கில் வருவதில்லை. பணம் கைமாறினால்தான் அது கணக்கு.

வளர்ச்சி நமக்குத் தந்தவை

அப்படியென்றால் வளர்ச்சியே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? அவசரப்பட்டு முடிவுக்கு வரக்கூடாது.

சிங்கப்பூர் தனி நாடானபோது பலருக்கு நிலையான வேலை இல்லை. குடும்பங்கள் நெருக்கடி மிகுந்த கடைவீடுகளிலும் அத்தாப்புக் கூரை வீடுகளிலும் வாழ்ந்தன. 1965ஆம் ஆண்டு, பிறந்த 1,000 குழந்தைகளில் ஏறத்தாழ 26 குழந்தைகள் ஒரு வயதை எட்டுமுன் இறந்தன. இன்று அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 2. ஜூரோங்கில் ஆலைகள் எழுந்ததும், துறைமுகம் விரிவடைந்ததும், வருமானம் பெருகியதும் இந்த மாற்றத்துக்குத் துணைநின்றன. அடுக்குமாடி வீடுகளும் பள்ளிகளும் மருத்துவமனைகளும் காற்றிலிருந்து வந்துவிடவில்லை.

குடிநீரும் மின்சாரமும் மருந்தும் எட்டாத மக்கள் உலகில் இன்றும் பலர் உள்ளனர். அவர்களிடம் போய், ‘வளர்ச்சி போதும்’ என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. பசித்தவனுக்கு முதல் கவளம் உயிர் தருகிறது. ஆனால், வயிறு நிறைந்த பிறகும் இலையில் சோறு விழுந்துகொண்டே இருந்தால் என்ன ஆகும்? உண்பவருக்கும் நலமில்லை, சோறும் வீணாகும். வளர்ச்சியைப் பற்றி நாம் கேட்கவேண்டிய கேள்வி, அது வேண்டுமா வேண்டாமா என்பதன்று. எது வளரவேண்டும், யாருக்காக வளரவேண்டும், எதுவரை வளரவேண்டும் என்பவையே நம் கேள்விகள்.

குப்பை போகும் வழி

‘எதுவரை’ என்னும் கேள்விக்குப் பெரிய நாடுகள் பதில் சொல்லாமல் காலம் கடத்தலாம். அங்கே ஒரு பள்ளம் நிரம்பினால் தொலைவில் இன்னொரு பள்ளத்தைத் தேடிக்கொள்வார்கள். 740 சதுர கிலோமீட்டருக்கும் குறைவான பரப்புள்ள நம் தீவில் அந்த வசதி இல்லை.

முன்பு முதன்மைத் தீவிலேயே குப்பை கொட்டும் இடங்கள் இருந்தன. அவற்றுள் கடைசியானது சிராங்கூன் ஆற்றை ஒட்டிய லோரோங் ஹாலுஸ். 1999ஆம் ஆண்டு மார்ச் மாதத்துடன் அது மூடப்பட்டது. இன்று அங்கே நாணல்கள் அடர்ந்த ஒரு சதுப்புநிலம் இருக்கிறது. அந்த நாணல்கள் அழகுக்காக மட்டும் நடப்பட்டவை அல்ல. பழைய குப்பைமேட்டின் வழியே ஊறிவரும் நீர் நீர்த்தேக்கத்தில் கலந்துவிடாமல் தடுத்து, அதைத் தூய்மைப்படுத்தும் பணியில் அவையும் பங்கேற்கின்றன. குப்பை கொட்டுவது நின்று பல ஆண்டுகள் ஆகியும், அதற்கான வேலை இன்னும் முடியவில்லை.

லோரோங் ஹாலுஸ் மூடப்பட்ட மறுநாளே செமாக்காவ் குப்பை கொட்டும் தளம் செயல்படத் தொடங்கியது. முதன்மைத் தீவுக்குத் தெற்கே ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தொலைவில் செமாக்காவ், சாக்கேங் என்னும் இரு தீவுகள் இருந்தன. அவற்றை இணைத்து, கடலில் 7 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாறைகளால் அணை எழுப்பி, 350 ஹெக்டர் இடத்தை வளைத்தார்கள். அது ஏறத்தாழ 500 காற்பந்துத் திடல்களுக்குச் சமம். செலவு ஏறத்தாழ 610 மில்லியன் வெள்ளி. சாக்கேங் தீவில் வாழ்ந்த மீனவர்கள் தளம் அமைவதற்கு முன்பே தங்கள் வீடுகளை விட்டு முதன்மைத் தீவுக்குக் குடிபெயர்ந்தனர்.

நாம் வீசும் குப்பை முதலில் எரிப்பு ஆலைக்குப் போகிறது. எரித்தபின் அதன் கொள்ளளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே மிஞ்சுகிறது. அந்தச் சாம்பலும் எரிக்க முடியாத கழிவுகளும் துவாஸிலிருந்து படகுகளில் செமாக்காவுக்குச் செல்கின்றன. நச்சுநீர் கடலில் கசியாமல் இருக்க, அணையின் ஓரத்தில் நீர்புகாத விரிப்பும் களிமண்ணும் அமைக்கப்பட்டுள்ளன. தளத்தைக் கட்டியபோது பாதிக்கப்பட்ட சதுப்புநிலக் காடுகளுக்கு ஈடாக 13 ஹெக்டர் பரப்பில் கன்றுகள் நடப்பட்டன. உலகின் பல குப்பைமேடுகளைப் போல அங்கே துர்நாற்றம் வீசுவதில்லை. பறவைகள் வருகின்றன, கடலுயிர்கள் வாழ்கின்றன. திறமையாக வடிவமைக்கப்பட்ட இடம் அது என்பதில் ஐயமில்லை.

ஆனால், எவ்வளவு திறமையாகக் கட்டினாலும் ஒரு பாத்திரத்துக்கு விளிம்பு உண்டு. 1970ஆம் ஆண்டு சிங்கப்பூரில் நாள் ஒன்றுக்கு 1,200 டன்னுக்குச் சற்று அதிகமான குப்பை அகற்றப்பட்டது. 2016ஆம் ஆண்டு அந்த அளவு 8,000 டன்னைத் தாண்டியது. இதே காலத்தில் மக்கள்தொகை மூன்று மடங்குகூட உயரவில்லை. குப்பையோ ஆறு மடங்குக்கும் மேல் பெருகியது. அதாவது, ஆள் கூடியதால் மட்டும் குப்பை கூடவில்லை. ஒவ்வோர் ஆளும் வீசும் அளவும் இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. செமாக்காவ் 2045ஆம் ஆண்டுவரை தாங்கும் என்று முன்பு எதிர்பார்க்கப்பட்டது. பின்னர் அந்தக் கணிப்பு 2035ஆம் ஆண்டு என மாறியது.

2035இல் உங்களுக்கு வயது என்ன? இங்கே சற்று நின்று கணக்கிட்டுப் பாருங்கள்.

தொழில்நுட்பம் மட்டும் போதுமா?

‘மறுபயனீடு இருக்கிறதே!’ என்று உங்களில் சிலர் சொல்லக்கூடும். நல்ல பதில்தான். ஆனால், 2023ஆம் ஆண்டு வீடுகளில் சேர்ந்த கழிவில் ஏறத்தாழ 12 விழுக்காடே மறுபயனீடு செய்யப்பட்டது. உணவு மிச்சம் ஒட்டிய பொட்டலத்தை நீலநிறத் தொட்டியில் போட்டால், அது அருகிலுள்ள காகிதத்தையும் கெடுத்துவிடுகிறது. ‘சாம்பலைக் கட்டுமானப் பொருளாக மாற்றலாமே!’ என்று இன்னும் சிலர் கேட்கலாம். சாலை போன்றவற்றில் அதைப் பயன்படுத்தும் சோதனைகளும் நடைபெறுகின்றன. இவை வெற்றி பெறவேண்டும்.

எனினும், இவை யாவும் பொருள் குப்பையான பின்னர் நடக்கும் வேலைகள். மின்விசிறியின் செம்பைத் தோண்டி எடுத்த சுரங்கத்தையும், அதைச் செய்யச் செலவான மின்சாரத்தையும், அதைச் சுமந்துவந்த கப்பல் எரித்த எண்ணெயையும் சாம்பலிலிருந்து திரும்பப் பெற முடியாது. சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 டன் மின்கழிவு உண்டாகிறது. இது, ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 73 கைப்பேசிகளைத் தூக்கி எறிவதற்குச் சமம் என்று கணக்கிட்டுள்ளார்கள். குழாய் திறந்திருக்கும்போது தரையைத் துடைத்துக்கொண்டே இருப்பது விவேகமா? முதலில் குழாயை மூடவேண்டும் அல்லவா?

ஒரு தமிழரின் சிந்தனை

இந்தக் கேள்வியைப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஆழமாக எண்ணிப் பார்த்தவர் ஜே.சி.குமரப்பா. 1892ஆம் ஆண்டு தஞ்சாவூரில் பிறந்த அவர், லண்டனில் கணக்கியலும் அமெரிக்காவில் பொருளியலும் பயின்றார். பிறகு காந்தியடிகளுடன் இணைந்து கிராமத் தொழில்களின் வளர்ச்சிக்காகப் பாடுபட்டார். இந்திய விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றபோது, ‘நிலைத்த பொருளியல்’ என்று பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்தில் ஒரு நூலை எழுதினார். அது 1945ஆம் ஆண்டு வெளிவந்தது.

இயற்கை வளங்களை அவர் இரண்டாகப் பிரித்துப் பார்த்தார். நிலக்கரி, எண்ணெய், உலோகத் தாது போன்றவை தொட்டியில் தேங்கிய நீர் போன்றவை. எடுக்க எடுக்கக் குறையும். ஆறு, காடு, சூரிய ஒளி போன்றவை ஓடும் நீர் போன்றவை; அளவறிந்து எடுத்தால் தொடர்ந்து கிடைக்கும். தொட்டி நீரை மட்டும் நம்பி வாழும் சமுதாயம் ஒருநாள் வற்றிய தொட்டியின் முன் நிற்கும். மிஞ்சிய நீருக்காகச் சண்டையும் வரும் என்பது அவர் கருத்து.

உயிர்கள் வாழும் முறையையும் அவர் எடுத்துக்காட்டினார். புலி ஆட்டைக் கொன்று தின்கிறது. குரங்கு, மரத்துக்கு எதுவும் செய்யாமல் மாம்பழத்தைப் பறித்துக்கொள்கிறது. தேனீயோ பூவிலிருந்து தேனை எடுக்கும்போதே மகரந்தச் சேர்க்கைக்கும் உதவிவிட்டுப் போகிறது. தாய்ப்பறவை எந்தக் கைம்மாறும் எதிர்பாராமல் குஞ்சுக்கு ஊட்டுகிறது. மனிதர்களின் பொருளாதாரம் இவற்றில் எதைப் போல இருக்கவேண்டும் என்பதே குமரப்பா நம்முன் வைக்கும் கேள்வி. தூக்கி எறியும் பழக்கத்தை இந்த வரிசையில் நீங்கள் எங்கே வைப்பீர்கள்?

வேறொரு சமுதாயத்தைக் கற்பனை செய்வோம்

நீடித்து நிலைக்கும் சமுதாயம் என்றவுடன், விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் வாழவேண்டும் என்று அஞ்சத் தேவையில்லை. உங்கள் உயரம் சில ஆண்டுகளில் நின்றுவிடும். அதற்குப் பிறகு நீங்கள் வளரவே மாட்டீர்களா? அறிவும் திறனும் நட்பும் தொடர்ந்து வளரும். ஒரு சமுதாயமும் அப்படி வளர முடியும்.

உங்கள் பேட்டையை மனக்கண்ணில் கொண்டுவாருங்கள். அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பழுதுபார்ப்பு நிலையம் இருக்கிறது. ஓய்வுபெற்ற தொழில்நுட்பர் ஒருவர் மாணவர்களுக்கு ஈயப்பற்று வைக்கக் கற்றுத் தருகிறார். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் தேவைப்படும் துளையிடும் கருவியை ஒவ்வொரு வீடும் வாங்குவதில்லை. நூலகத்தில் நூலை இரவல் பெறுவதுபோல் பெற்றுக்கொள்கிறார்கள். கடையில் விற்கும் விசிறிக்கு எத்தனை ஆண்டுகள் உதிரிபாகம் கிடைக்கும் என்று அட்டையிலேயே அச்சிடப்பட்டுள்ளது.

இது வெறும் கனவன்று. சில விதைகள் ஏற்கெனவே ஊன்றப்பட்டுள்ளன. 2014ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘ரிப்பேர் கோப்பித்தியாம்’ முயற்சியில், தொண்டூழியர்கள் மக்களுக்குத் தங்கள் பொருள்களைத் தாங்களே பழுதுபார்க்கக் கற்றுக்கொடுத்து வந்துள்ளனர். 2023ஆம் ஆண்டு ஜூலை முதல் பெரிய பேரங்காடிகளில் ஒரு பைக்குக் குறைந்தது 5 காசு கட்டணம் வசூலிக்கப்படுகிறது. செமாக்காவுக்கு நாள்தோறும் அனுப்பப்படும் கழிவை, ஆளுக்கு இவ்வளவு என்னும் கணக்கில் 2030ஆம் ஆண்டுக்குள் 30 விழுக்காடு குறைக்கவேண்டும் என்று நாடு இலக்கு வகுத்துள்ளது. வேறு நாடுகளும் எண்ணுக்கு அப்பால் பார்க்கத் தொடங்கியுள்ளன. மக்களின் மகிழ்ச்சிக்கு வழிசெய்வதை அரசின் கடமையாகப் பூட்டானின் 2008ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம் குறிப்பிடுகிறது. நியூசிலாந்து 2019ஆம் ஆண்டு மக்களின் நல்வாழ்வை மையமாக வைத்து வரவுசெலவுத் திட்டத்தை வகுத்தது.

இங்கே ஒரு கடினமான கேள்வியும் உண்டு. வகுப்பில் ஒரு மாணவர் எழுந்து, “என் அப்பா மின்சாதனக் கடையில் வேலை செய்கிறார். எல்லாரும் பழையதையே பழுதுபார்த்தால் அவருடைய வேலை என்ன ஆகும்?” என்று கேட்டால் என்ன சொல்வது? அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக்கூடாது. விற்பனை குறைந்தால் சிலரின் வருமானம் குறையும் என்பது உண்மை. பழுதுபார்ப்பு, பராமரிப்பு, முதியோரைக் கவனித்தல் போன்ற துறைகளில் புதிய வேலைகள் உருவாகலாம். ஆனால், அவை தாமாகவே அந்த அப்பாவைத் தேடி வந்துவிடமாட்டா. அவருக்குப் பயிற்சியும் நியாயமான சம்பளமும் கிடைக்க வழி செய்யவேண்டும். மாற்றத்தின் சுமையை இருப்பதிலேயே வலுக்குறைந்தவரின் தோளில் ஏற்றும் சமுதாயத்தை நல்ல சமுதாயம் என்று சொல்ல முடியாது.

முன்பு ஒருமுறை செய்தோம்

இவ்வளவு பெரிய மாற்றம் நடக்குமா என்று ஐயம் எழலாம். சிங்கப்பூர் ஆற்றங்கரைக்குப் போய்ப் பாருங்கள். 1970களில் அந்த ஆறு கறுத்து, நாற்றமெடுத்துக் கிடந்தது. பன்றிப் பண்ணைகள், வாத்துப் பண்ணைகள், பட்டறைகள், தெருவோர உணவுக் கடைகள், சாக்கடை வசதியில்லாத வீடுகள் ஆகிய அனைத்தின் கழிவும் அதில் கலந்தது. 1977ஆம் ஆண்டு அன்றைய பிரதமர் லீ குவான் யூ, பத்து ஆண்டுகளில் ஆறுகள் தூய்மையாகவேண்டும் என்று இலக்கு வைத்தார். 1987ஆம் ஆண்டுக்குள் அந்தப் பணி நிறைவேறியது. அதற்காகப் பல்லாயிரம் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. பலர் பரம்பரைத் தொழிலை விட்டனர். அவர்கள் இழந்ததையும் சேர்த்தே அந்த வெற்றியை நாம் நினைவுகூர வேண்டும்.

அன்று, ‘ஆறு இப்படித்தான் இருக்கும், வளர்ச்சிக்கு இது விலை’ என்று இருந்துவிட்டிருந்தால், இன்று அந்தக் கரையில் நாம் நடக்க முடியாது. எதை ஏற்பது, எதை மாற்றுவது என்று ஒரு சமுதாயம் கூடி முடிவெடுக்க முடியும் என்பதற்கு அந்த ஆறு சான்று.

செமாக்காவுக்குச் சாம்பலைச் சுமந்து செல்லும் படகை நம்மில் பெரும்பாலோர் பார்த்ததில்லை. பார்க்காததால், அதில் நம் வீட்டுச் சாம்பலும் இருக்கிறது என்பது நம் நினைவுக்கு வருவதில்லை. அடுத்த முறை எதையாவது தூக்கி எறியக் கையை ஓங்கும்போது, ஒரு நொடி நின்று கேட்டுப்பாருங்கள்: இதை இன்னும் பயன்படுத்த முடியாதா? இது இல்லாமல் என்னால் வாழ முடியாதா? தாத்தாவின் திருப்புளி எங்கே?

சிந்தித்துக் கலந்துரையாடுக

1. மின்விசிறி எடுத்துக்காட்டின்வழி, மொத்த உள்நாட்டு உற்பத்தியின் குறைபாடாகக் கட்டுரை எதைச் சுட்டுகிறது?

2. 1970ஆம் ஆண்டுக்கும் 2016ஆம் ஆண்டுக்கும் இடையில் குப்பை பெருகியதற்கு மக்கள்தொகைப் பெருக்கம் மட்டுமே காரணமா? கட்டுரையிலுள்ள எண்களைக் கொண்டு விளக்குக.

3. மின்சாதனக் கடை ஊழியரின் மகன் எழுப்பும் கேள்விக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? உங்கள் கருத்தை இரண்டு காரணங்களுடன் எழுதுக.

4. ஒரு வாரத்துக்கு உங்கள் வீட்டிலிருந்து வெளியேறும் குப்பையைக் கவனித்துப் பட்டியலிடுக. அவற்றுள் பழுதுபார்த்திருக்கக் கூடியவை எவை, வாங்காமலே இருந்திருக்கக் கூடியவை எவை என வகைப்படுத்தி, குழுவில் பகிர்ந்துகொள்க.